ட்ரோலிங் மோட்டாருக்கு எந்த லித்தியம் பேட்டரி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மீன்பிடிப் படகை மெதுவாக ஓட்டும் ட்ரோலிங் மோட்டார் வைத்திருக்கிறேன், 12 வோல்ட், 55 பவுண்டு உந்துவிசை. 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரி போதுமா? எவ்வளவு நேரம் ஓடும்?

இந்த வகை மோட்டார் முழு வேகத்தில் ஏறக்குறைய 50 ஆம்ப் இழுக்கும். விடாமல் அப்படியே ஓட்டினால் 2 மணி நேரம். ஆனால் மீன் பிடிக்கப் போகிறவர் யாரும் முழு வேகத்திலேயே ஓட்டுவதில்லை. படகின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் தேவைப்படும் சக்தி பாதியாக அல்ல, கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்காகக் குறையும். வேகத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் மோட்டாரில் இந்த லாபம் முழுதாகக் கிடைக்கும். ஐந்து படி சுவிட்ச் உள்ள பழைய மோட்டார்கள் குறைந்த வேகத்திலும் கொஞ்சம் மின்சாரத்தை வெப்பமாக வீணடிக்கும்.

உங்கள் ஒரு நாள் ஓட்டத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் முழு வேகம் என்றால் 25 ஏ.எச். நான்கு மணி நேரம் 12 ஆம்பில் மெதுவான ஓட்டம் 48 ஏ.எச். மொத்தம் 73. எதிர்காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் 20 சதவீதம் சேர்த்தால் 88 வரும். ஆக, 100 போதும். ஜிபிஎஸ் மூலம் ஒரே இடத்தில் நிற்கும் வசதியை அதிகம் பயன்படுத்துபவர்கள் இன்னும் தாராளமாக வைத்துக்கொள்ள வேண்டும். காற்று வீசும் நாளில் மோட்டார் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும்.

யூகத்தை விட அளந்து பார்ப்பது நல்லது. கிளாம்ப் மீட்டரை பாசிட்டிவ் கேபிளில் மாட்டி, ஒவ்வொரு வேகத்திலும் எத்தனை ஆம்ப் என்று குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் டிசி ஆம்ப் அளப்பதாக இருக்க வேண்டும். ஏசி மட்டும் அளக்கும் மீட்டர் இங்கே பூஜ்யத்தைத்தான் காட்டும்.

இரண்டு பேட்டரிகள் பார்த்தேன். இரண்டிலும் 100 ஏ.எச். என்றுதான் போட்டிருக்கிறது, விலையில் பெரிய வித்தியாசம். எதைப் பார்த்து வாங்குவது?

ஏ.எச். எண்ணைத் தாண்டிப் படியுங்கள். ட்ரோலிங் மோட்டாருக்கு முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே இருக்கும் பிஎம்எஸ் பலகை (பேட்டரியைக் கண்காணித்து, ஆபத்து என்றால் துண்டிக்கும் மின்னணுப் பலகை) தொடர்ச்சியாக எத்தனை ஆம்ப் தாங்கும் என்பதை. மலிவான 100 ஏ.எச். பேட்டரிகள் சிலவற்றில் 50 ஆம்ப் பிஎம்எஸ்தான் இருக்கும். 50 ஆம்ப் மோட்டாருக்கு அது விளிம்பில் நிற்கிற கதை. புரொப்பெல்லரில் பாசி சுற்றினாலோ திடீரென முழு வேகம் கொடுத்தாலோ பிஎம்எஸ் துண்டித்துவிடும். மோட்டாரின் உச்ச ஆம்பைப் போல ஒன்றரை மடங்காவது தொடர்ச்சியாகத் தாங்க வேண்டும். 100 ஆம்ப் பிஎம்எஸ் என்றால் கவலையில்லை. ‘உச்ச ஆம்ப், சில நொடிகள்’ என்று போட்டிருக்கும் எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்து வேதியியல். படகுக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட்தான். அதில் 12.8 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். 11.1 அல்லது 14.8 என்றிருந்தால் அது வேறு வகை, வேண்டாம். பிறகு எடை. 12.8 வோல்ட் 100 ஏ.எச். இரும்பு பாஸ்பேட் பேட்டரி பொதுவாக 10 முதல் 14 கிலோ இருக்கும். 7 கிலோதான் இருக்கிறது என்றால் உள்ளே 100 ஏ.எச். அளவுக்கு செல் இருக்க வாய்ப்பில்லை.

24 வோல்ட் மோட்டாருக்கு இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைக்கலாமா, ஒரே 24 வோல்ட் பேட்டரி வாங்குவதா?

தொடர் இணைப்புக்கு அந்த பேட்டரி ஏற்றதா என்று கையேட்டில் எழுதியிருக்க வேண்டும். ஒரு பிஎம்எஸ் துண்டிக்கும்போது தொடரின் முழு வோல்டேஜும் அதன் மீது விழும். அதைத் தாங்காத மாஸ்ஃபெட்கள் (பலகையில் இருக்கும் மின்னணு சுவிட்சுகள்) அப்போதே எரிந்துபோகும். இரண்டும் ஒரே தயாரிப்பு, ஒரே ஏ.எச்., ஒரே சமயத்தில் வாங்கியவையாக இருக்கட்டும். இணைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழுதாக சார்ஜ் செய்யுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் சில மாதங்களில் ‘பேட்டரி பாதியிலேயே நிற்கிறது’ என்று எழுதுகிறார்கள். சார்ஜ் குறைவாக இருப்பது முதலில் துண்டிக்கும், மற்றதில் மின்சாரம் மிச்சமிருந்தும் படகு நின்றுவிடும். சார்ஜரும் தனித்தனி வெளியீடு உள்ள இரட்டை வகையாக இருப்பது நல்லது.

இரண்டு 100 ஏ.எச். பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட் 100 ஏ.எச்.தான், 200 அல்ல. மீன் காட்டும் கருவிக்கு அந்த இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கவே கூடாது. சமநிலை கெட்டுவிடும். அதற்குத் தனியாக ஒரு சிறிய பேட்டரி வைத்தால் திரையில் மோட்டாரால் வரும் மின் குறுக்கீடும் குறையும்.

ஒரே 24 வோல்ட் பேட்டரி என்றால் இணைப்புகள் குறைவு, சமநிலைச் சிக்கல் இல்லை. தூக்கி இறக்கும்போது எடை மொத்தமும் ஒரே கையில், அவ்வளவுதான். படகிலேயே நிரந்தரமாக இருக்கப்போகிறது என்றால் இதையே சொல்வேன்.

பழைய ஈய அமில பேட்டரியின் சார்ஜர் போதுமா?

சார்ஜர் 14.2 முதல் 14.6 வோல்டுக்குள் முடிக்கிறதா, சல்ஃபேட் நீக்கும் அல்லது சமப்படுத்தும் கட்டம் இல்லாததா என்று பாருங்கள். அந்தக் கட்டங்களில் வோல்டேஜ் 15-க்கு மேல் போகும், பிஎம்எஸ் துண்டித்துவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. காலியாகித் துண்டித்துக்கொண்ட பேட்டரியின் முனைகளில் வோல்டேஜ் இருக்காது. சாதாரண சார்ஜர் ‘பேட்டரியே இல்லை’ என்று நினைத்து ஆரம்பிக்காது. லித்தியத்துக்கான சார்ஜரில் அதை எழுப்பும் வசதி இருக்கும். 100 ஏ.எச். பேட்டரிக்கு 20 ஆம்ப் சார்ஜர் போதும், ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர்கள். செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரக் கேடு வரும்.

பெரிய எஞ்சினின் ஆல்டர்னேட்டரிலிருந்து நேரடியாக சார்ஜ் செய்யலாமா?

வேண்டாம். லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஆல்டர்னேட்டர் சூடேறிப் பழுதாகும். நடுவில், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தித் தரும் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள்.

கொஞ்ச நேரம் முன்பு 13 வோல்ட் காட்டியது, திடீரென்று மோட்டார் நின்றுவிட்டது. ஏன்?

லித்தியத்தில் வோல்ட்மீட்டரை நம்பி சார்ஜைக் கணிக்க முடியாது. 90 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் வரை இறங்கும்போதும், ஓய்வில் இருக்கும் பேட்டரியின் வோல்டேஜ் கால் வோல்ட் அளவுக்கே மாறும். கடைசியில்தான் சரசரவென விழும். ஆம்பை எண்ணிக் காட்டும் ஷண்ட் மீட்டர் ஒன்று போடுங்கள்.

நின்ற இடத்திலேயே செய்ய வேண்டியது: பேட்டரி முனைகளில் நேரடியாக மீட்டர் வையுங்கள். பூஜ்யமோ ஓரிரு வோல்டோ காட்டினால் பிஎம்எஸ் துண்டித்திருக்கிறது. மோட்டார் இணைப்பைக் கழற்றி, புரொப்பெல்லரில் தூண்டில் நரம்போ பாசியோ சுற்றியிருந்தால் நீக்கி, சற்றுப் பொறுங்கள். அதிக ஆம்பால் துண்டித்திருந்தால் பெரும்பாலும் தானாக மீளும். மீளவில்லை என்றால் பேட்டரி காலி, சார்ஜர்தான் எழுப்ப வேண்டும்.

முனைகளில் 13 வோல்ட் இருந்தால் கோளாறு பிரேக்கரிலோ பிளக்கிலோ லக்கிலோ (கேபிள் நுனியில் மாட்டிய செம்பு வளையம்) இருக்கிறது. அடிக்கடி நடக்கும் தவறு, வாஷரை லக்குக்குக் கீழே போடுவது. லக்கின் செம்பு டெர்மினலின் மீது நேராக உட்கார வேண்டும், வாஷர் அதற்கு மேலே. 50 ஆம்ப் ஓடும்போது அந்த ஒரு இணைப்பில் 0.2 வோல்ட் விழுந்தால்கூட 10 வாட் வெப்பம் அங்கேயே சேரும். பிளாஸ்டிக் உருக ஆரம்பிப்பது இப்படித்தான்.

பேட்டரி பின்னால், மோட்டார் முன்னால், இடையே 5 மீட்டர். கேபிள், பிரேக்கர் என்ன அளவு?

போக வர 10 மீட்டர் என்று கணக்கிடுங்கள். 50 ஆம்பில் 16 சதுர மி.மீ. கேபிள் 0.6 வோல்ட் அளவுக்கு விழுங்கும். 25 சதுர மி.மீ. போட்டால் 0.4-க்குள் நிற்கும், அதையே போடுங்கள். கடலில் ஓடும் படகு என்றால் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி. 60 ஆம்ப் பிரேக்கரை பாசிட்டிவ் முனைக்கு முடிந்தவரை அருகில், ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். ஷார்ட் ஆனால் பிரேக்கருக்கு முன்னால் இருக்கும் கேபிளுக்குப் பாதுகாப்பே கிடையாது.

நான்கு மாதம் படகை எடுக்கப்போவதில்லை. முழு சார்ஜில் வைத்துவிடவா?

ஈய அமிலத்துக்குத்தான் அது சரி. லித்தியத்தை 50-60 சதவீதத்தில், கேபிள்களைக் கழற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பிஎம்எஸ் பலகை தானே கொஞ்சம் மின்சாரம் தின்னும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வோல்டேஜ் பாருங்கள். 13-க்குக் கீழே போயிருந்தால் ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி கழற்றி வைக்கலாம்.