பந்தைவிடப் பூச்சரத்து நூல் ஆபத்தானது: கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி (மதுரை): மல்லிகைச் சரத்தைத் தொங்கவிட்டு ஆட்டினால் எங்கள் பூனைக்குக் கொண்டாட்டம். கம்பளி நூல் உருண்டையும் கொடுக்கலாமா, டாக்டர்?

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா. பூனையின் நாக்கில் இருக்கும் சிறு முட்கள் தொண்டைப் பக்கமாகச் சாய்ந்தவை. வாய்க்குள் போன நூலைத் துப்புவது அதற்குக் கடினம், விழுங்கிவிடும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பை முடியும் இடத்திலோ மாட்டிக்கொள்ளும். மீதி குடலுக்குள் இறங்கும். நாடாவை இழுத்தால் பாவாடை கொசுவிக்கொள்ளுமே, அதைப் போலக் குடல் அந்த நூலின்மேல் சுருங்கும். இறுகிய நூல் குடலை அறுத்துவிடும். வாந்தி எடுத்து, சாப்பிடாமல் மூலையில் பதுங்கினால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல்முனை தெரிந்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள். ரப்பர் பேண்ட், ஜரிகை, ஊசியில் கோத்த நூல், காற்றாடி நூல் எல்லாம் இதே வகைதான். அட்டைப்பெட்டியும் டேபிள் டென்னிஸ் பந்தும் கொடுங்கள், போதும். குச்சியில் கட்டிய இறகு என்றால் குச்சி உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அலமாரிக்குள் போக வேண்டும்.

கேள்வி (சேலம்): மாம்பழம் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைப் போட்டால் எங்கள் நாய் வெகுநேரம் அதோடு விளையாடுகிறது. இயற்கையான பொருள்தானே?

பதில்: இயற்கையானதுதான், ஆனால் குடலை அடைக்கும். சப்பச் சப்ப வழுக்கி, ஒரு நொடியில் உள்ளே போய்விடும். பிறகு அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். மக்காச்சோளத் தக்கையும் அப்படியே. மாம்பழக் காலத்தில் குப்பைக்கூடையை மூடி வையுங்கள் ஐயா.

கேள்வி (கோவை): லாப்ரடாருக்கு டென்னிஸ் பந்து சரியா?

பதில்: எறிந்து பிடிக்கச் சரி. கடித்து மெல்வதற்குக் கொடுக்காதீர்கள், மண் ஒட்டிய அந்த மேல்துணி பல்லைத் தேய்க்கும். வாய் பெரிய நாய்க்கு அந்தப் பந்தே தொண்டையில் சிக்கலாம். கடைவாய்ப் பல்லைத் தாண்டிப் போக முடியாத அளவில் வாங்குங்கள். ரப்பர் பந்தில் ஒரே ஒரு துளை இருந்தால் வேண்டாம்: உள்ளே வெற்றிடம் உண்டாகி நாக்கைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு துளையாவது இருக்க வேண்டும்.

கேள்வி (திருநெல்வேலி): குழம்பில் வெந்த எலும்பு, மாட்டுக் குளம்பு?

பதில்: வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குத்தும். குளம்பு, கொம்பு போன்றவை மேல்வரிசையின் பெரிய கடைவாய்ப் பல்லைப் பிளந்துவிடும். கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் பதியவில்லை என்றால் அது நாய்க்கு மிகக் கடினமான பொருள்.

கேள்வி (தஞ்சாவூர்): நான்கு மாத சிப்பிப்பாறைக் குட்டி செருப்பையெல்லாம் கடிக்கிறது. பழைய செருப்பைக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுத்தால் புதியதையும் விடாது தம்பி, அதற்கு இரண்டும் ஒன்றுதான். 28 பால் பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கும் பருவம் இது, ஈறு குறுகுறுக்கிறது. ஏழு மாதம் வரை பொறுங்கள். தடித்த துணியை நனைத்து, முறுக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். பக்கத்திலேயே இருங்கள், துணி பிரியத் தொடங்கினால் வாங்கிவிடுங்கள். ரப்பர் பொம்மைக்குள் வேர்க்கடலை வெண்ணெய் தடவுவதானால், அதில் சைலிட்டால் என்ற இனிப்பு இல்லை என்று பார்த்து வாங்குங்கள். அது நாய்க்கு நஞ்சு.

கேள்வி (வேலூர்): குழந்தையின் பழைய பொம்மைகளைக் கொடுக்கலாமா?

பதில்: கண், பொத்தான், கீச்சிடும் குமிழ் எல்லாவற்றையும் பிய்த்தெடுத்த பிறகு துணிப்பொம்மையைக் கொடுக்கலாம். பேட்டரி பொம்மை கூடவே கூடாது. பொத்தான் பேட்டரி சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே கிளம்பிவிடுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம்.