ஓவியம் வரைபவர் ஐரோப்பாவை நிதானமாகச் சுற்ற வேண்டுமென்றால் எங்கெங்கே போகலாம்?

கேள்வி கேட்டவர் தானும் நீர்வண்ணம் வரைபவர், கையில் ஒன்றரை மாதம் இருக்கிறது, எத்தனை நாடு பார்க்க முடியும் என்று கேட்டிருக்கிறார். நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறாள். 2019 மே நடுவில் நானும் மனைவியும் கிளம்பி 47 நாள் சுற்றிவிட்டு வந்தோம். நெதர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி, அவ்வளவுதான். மூன்று நாடே அதிகம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஊர்ப் பட்டியலுக்கு முன்னால் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் சித்திரை மாதம் மத்தியானம் நிழல் காலடியில் சுருண்டுவிடும். சாயங்காலம் ஆறரைக்கு இருட்ட ஆரம்பித்தால் ஏழுக்கெல்லாம் முடிந்துவிடும். நான் படித்ததும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்த வெயிலில்தான். அங்கே மே கடைசியில் உச்சி வேளையில்கூட சூரியன் தலைக்கு மேல் வருவதில்லை, சாய்ந்தே நிற்கிறது. இரவு ஒன்பதே முக்கால் வரை அஸ்தமனம் ஆவதில்லை. சாயங்காலம் என்பது மூன்று நான்கு மணி நேரம் நீள்கிறது. இது தெரியாமல் முதல் வாரம் எல்லா நிழலையும் நம் ஊர்க் கணக்கில் அடர்த்தியாகப் போட்டு, ஏழெட்டுத் தாளைக் கெடுத்தேன்.

அதைத் திருத்தியது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கும், ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’. ரெம்பிராண்ட்டின் ‘இரவுக் காவல்’ முன்னால்தான் பெருங்கூட்டம். வெர்மீரின் படமோ ஒன்றரை அடி உயரம்தான். எல்லோரும் பாலையும் ரொட்டியையும் பார்ப்பார்கள். நீங்கள் அவளுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். வெறும் வெள்ளைச் சுவர். அதில் ஓர் ஆணி, ஆணிக்கு ஒரு சின்ன நிழல், பிடுங்கிய ஆணிகளின் ஓட்டைகள். இடது பக்க ஜன்னலிலிருந்து வெளிச்சம் நகர நகர, அந்த வெள்ளை சாம்பலாகி, லேசாக மஞ்சளாகி, அவள் முதுகுப் பக்கம் மறுபடி வெளுக்கிறது. ‘வெள்ளை’ என்று பெயர் சொல்லக்கூடிய வெள்ளை அந்தச் சுவரில் கொஞ்சம்தான் இருக்கும். பென்சிலை எடுத்து அந்த ஆணியை மட்டும் நான்கு முறை வரைந்தேன். நான் போன பெரும்பாலான அருங்காட்சியகங்களில் பென்சிலுக்கு ஆட்சேபணை இல்லை, வண்ணம்தான் கூடாது.

அடுத்து டென் ஹாக்கில் (தி ஹேக்) மவுரிட்ஷூயிஸ் அருங்காட்சியகம். அங்கே வெர்மீரின் ‘டெல்ஃப்ட் காட்சி’ இருக்கிறது. அதைக் காலையில் பார்த்துவிட்டு, மத்தியானம் ரயில் ஏறி டெல்ஃப்டுக்கே போய்விடுங்கள், கால் மணி நேரம்தான். படத்தில் இருக்கும் நகர வாசல்கள் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். ஆனால் தண்ணீர்க் கரை இருக்கிறது, புதிய தேவாலயத்தின் கோபுரம் தெரிகிறது. படத்தில் முன்பக்கக் கட்டடங்கள் மேக நிழலில் கறுத்திருக்க, பின்னால் அந்தக் கோபுரம் மட்டும் வெயிலில் பளிச்சென்று நிற்கும். அவருடைய கற்பனை என்றே நினைத்திருந்தேன். கரையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு மேகம் நகர்ந்து, முன்னால் இருந்த வீடுகள் மங்கி, தூரத்துக் கோபுரம் மட்டும் எரிந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

அன்றைக்குத்தான் மழையும் வந்தது. காயாத தாளோடு நோட்டை அவசரமாக மூடினேன். இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது கோபுரம் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. அந்த ஊர் ஈரத்தில் ஒரு வாஷ், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சு, காய இருபது நிமிஷம் ஆகிறது. தஞ்சாவூரில் வைகாசி மாதம் தூரிகையை அலசுவதற்குள் காய்ந்துவிடும். “என்னங்க, இன்னும் காயலையா?” என்று மனைவி கேட்காத நாளில்லை. ஒருவகையில் அது நல்லது. ஈரத்தின் மேல் ஈரமாகப் பூசி வானத்தைக் கலக்கவிடும் முறையை இத்தனை வருஷம் பாடமாகத்தான் சொல்லியிருந்தேன், கைக்கு வந்தது அங்கேதான்.

பாரிஸில் ஒரு வாரம். லூவ்ருக்கு ஒரு நாள் போதும், கால் வலிதான் மிச்சம். ஆரஞ்சரி அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டு நீள்வட்ட அறைகளில் மோனேயின் அல்லிக்குளம் எட்டுப் படங்களாக, ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரத்தில் சுவரைச் சுற்றி ஓடுகிறது. மேலேயிருந்து பகல் வெளிச்சம்தான் விழுகிறது, அதனால் வெளியே மேகம் போட்டால் குளமும் கறுக்கிறது. மோனேவுக்குக் கண்புரை வந்து 1923இல் அறுவை சிகிச்சை நடந்தது. 1926இல் இறந்தார், அடுத்த வருடம்தான் இந்த அறைகளைத் திறந்தார்கள். அந்தக் குளம் இருக்கும் ஜிவெர்னிக்கு சேன் லசார் நிலையத்திலிருந்து வெர்னோன் வரை ரயில், அங்கிருந்து பேருந்து. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை மூடியிருக்கும். கூட்டம் நெரியும் என்பதால் காலையில் முதல் ஆளாகப் போங்கள்.

என் மனசுக்கு நெருங்கியது ஓவேர் சுர் வாஸ். வான் கோ கடைசி எழுபது நாள் இருந்த ஊர், 1890 மே முதல் ஜூலை வரை. அவர் வரைந்த இடங்களில் அந்தந்தப் படத்தின் அச்சுப் பிரதியைப் பலகையில் வைத்திருக்கிறார்கள். தேவாலயத்தைத் தாண்டி மேட்டில் ஏறினால் கல்லறை. வான் கோவும் தம்பி தியோவும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டின் மேலும் ஒரே பச்சைக் கொடி படர்ந்திருக்கிறது. மதில் ஓரமாக நடந்தால் கோதுமை வயல். நாங்கள் போனது ஜூன் தொடக்கம், கதிர் பச்சையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் இருந்தது. அவருடைய மஞ்சள் வேண்டுமென்றால் ஜூலையில் போக வேண்டும்.

இத்தாலியில் பதோவா ஒன்று போதும் என்பேன். ஸ்க்ரோவெஞ்னி சிற்றாலயத்துக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். கால் மணி நேரம் ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காற்றைச் சீராக்கிவிட்டு, சிறு குழுவாக உள்ளே கால் மணி நேரம் விடுகிறார்கள். ஜொத்தோ 1305 வாக்கில் முடித்த சுவர்கள் அவை. ஈரச் சுண்ணாம்புச் சாந்தில் அன்றன்றைக்கு முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் பூசி வரைந்திருக்கிறார், கூர்ந்து பார்த்தால் ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவில் ஒட்டு தெரிகிறது. நீலத்தை மட்டும் காய்ந்த பிறகு பூசியதால், மேரியின் அங்கி சில காட்சிகளில் உதிர்ந்துபோயிருக்கிறது. பெரிய கோயில் உள்சுற்றில் சோழர் ஓவியம் 1931இல் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியிலிருந்து வெளிப்பட்ட கதையைச் சொல்லியே பிள்ளைகளுக்குச் சுவர் ஓவியம் நடத்தியவன் நான். அந்தக் கால் மணி நேரம் எனக்குப் போதவில்லை, மறுநாளும் சீட்டு வாங்கினேன். ஃப்ளோரன்ஸில் நேரம் குறைவென்றால் சான் மார்க்கோ மடத்துக்கு மட்டும் போங்கள். மாடிப்படி ஏறி முடிக்கும் இடத்தில் ஃப்ரா ஆஞ்சலிக்கோ சுவரில் வரைந்த தேவதை காத்திருக்கும்.

எடுத்துப் போகும் பொருள்: எண்ணெய் வண்ணக்காரர் என்றாலும் டர்பன்டைனை விமானத்தில் விடமாட்டார்கள், போன இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கொண்டுபோனது பன்னிரண்டு கட்டி வண்ணம், மூன்று தூரிகை, மடக்கு ஸ்டூல், 300 ஜிஎஸ்எம் தாளில் கைக்கடக்கமான இரண்டு நோட்டு. விசா 180 நாளில் 90 நாள் வரை தாராளம். 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு கேட்பார்கள்.

கடைசியாகத் தெற்கு பிரான்சில் ஏய்க்ஸ். ஓவியர் செசான் 1902இல் கட்டிய ஓவியக்கூடம் ஊருக்கு மேலே இருக்கிறது. வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல், பக்கத்துச் சுவரில் பெரிய கேன்வாஸை வெளியே எடுப்பதற்கென்றே ஒரு நெடிய சந்து. அங்கிருந்து மேட்டில் நடந்து போனால் சேன்ட் விக்துவார் மலை நேரே தெரியும் இடம் வரும். 1011 மீட்டர்தான், நம் ஏற்காட்டைவிடக் குறைவு. அதையே திரும்பத் திரும்ப வரைந்தார். 1906இல் வெளியே வரைந்துகொண்டிருந்தபோது மழையில் மாட்டி, சில நாளில் இறந்தும் போனார்.

நாங்கள் அங்கே இருந்த வாரம் பெரிய அனல். ஜூன் 28 அன்று தெற்கு பிரான்சில் 46 டிகிரி, அந்த நாட்டில் அதுவரை அவ்வளவு பதிவானதில்லை. காட்டுத்தீ பயத்தால் மலைக்குப் போகும் பாதைகளை மூடியிருந்தார்கள். பைன் மரத்தடியில் ஸ்டூலைப் போட்டு, எல்லோ ஓக்கரில் கொஞ்சம் நீலம் கலந்து மலையின் அடிவாரத்தை ஒரு வீச்சில் பூசினேன். தூரிகையை டம்ளரில் அலசிவிட்டு நிமிர்ந்தேன்.

“என்னங்க, காஞ்சிருச்சே” என்றாள் மனைவி.