பெனால்டி உதைகளை எண்ணும் மகளும் ஈட்டுக்குப் போகவிருந்த காணியும்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் சென்ற வாரம் தங்கள் மகளை அழைத்துக்கொண்டு, அடுத்து என்ன படிக்கலாம் என்று ஆலோசனை கேட்க என்னிடம் வந்திருந்தார்கள். உயிரியல் பிரிவில் இரண்டாவது தடவையாக உயர்தரம் எழுதிய அந்தப் பிள்ளை மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருக்கிறாள். ஆனால் மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளியை, பல்கலைக்கழக அனுமதிக்காகக் கணக்கிடப்படும் அவளுடைய இசட் புள்ளி எட்டவில்லை. கனடாவில் இருக்கும் பெரிய மாமா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மருத்துவம் படிக்க அனுப்பலாம் என்றும், பாதிச் செலவைத் தானே ஏற்பதாகவும், மீதிக்கு வீட்டுக் காணியை ஈடு வைக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். பெற்றோர் இருவரும் மாறிமாறிப் பேச, பிள்ளை வாயே திறக்கவில்லை. அவள் மடியில் ஒரு கொப்பி இருந்தது. கேட்டு வாங்கிப் பார்த்தேன். உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டிகளின் பெனால்டி உதைகளை அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு அட்டவணையாக எழுதியிருந்தாள்: உதைத்தவர் யார், எந்தப் பக்கம், நடுவர் விசில் ஊதிய பின் எத்தனை விநாடி பொறுத்தார், பந்தை வைத்துவிட்டுப் பின்வாங்கும்போது கோல் காப்பாளரைப் பார்த்தாரா, முதுகைக் காட்டினாரா.

எல்லாம் நல்லபடியாக முடியும் என்று சொல்லி அனுப்புவது எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அப்படிச் சொல்லாமல், காணியை ஈடு வைக்க வேண்டாம் என்றே சொன்னேன். வெளிநாட்டு மருத்துவப் பட்டத்தோடு திரும்பி வருகின்றவர், இங்கே தொழில் செய்வதற்கு முன் இலங்கை மருத்துவ சபையின் பதிவுக்கான பரீட்சையில் சித்தியடைந்து, அதன் பின்னர் உள்ளகப் பயிற்சியையும் முடிக்க வேண்டும். முகவர்கள் காட்டும் செலவுக் கணக்கில் இந்தக் காத்திருப்புக் காலம் எழுதப்பட்டிருப்பதை நான் கண்டதில்லை. 2022 ஆம் ஆண்டில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாயளவுக்கு ஏறியபோது, ரூபாயில் உழைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு டொலரில் கட்டணம் கட்டிய குடும்பங்கள் பட்ட பாடு திருகோணமலையில் எல்லோருக்கும் தெரியும். மாமாவின் பாதியும் கடன்தான். காசாக அவர் திருப்பிக் கேட்காமல் விடலாம். ஒவ்வொரு குடும்ப நிகழ்விலும் அந்தக் கணக்கு பேசப்படும்.

இதற்கு மேலாக, பிள்ளை மருத்துவராக விரும்பவில்லை. பெற்றோர் வெளியே தேநீர் குடிக்கப் போன நேரத்தில் அவளே அதைச் சொன்னாள். அவர்களிடம் சொல்ல அவளுடைய சம்மதத்தைக் கேட்டுப் பெற்ற பிறகுதான் சொன்னேன்.

தாதியர் கற்கை, ஆசிரியர் கல்லூரி, வங்கித் தேர்வு போன்றவற்றை எல்லோரும் ஏற்கெனவே எடுத்துச் சொல்லிவிட்டார்கள் என்பதால் நான் அவற்றுக்குள் போகவில்லை. அந்தக் கொப்பியில் இருப்பது ஒரு படிப்பு என்பதை மட்டும் விளக்கினேன். அதன் பெயர் உளவியல். அதன் ஒரு கிளை விளையாட்டு உளவியல். அவள் அட்டவணையின் கடைசி நிரலில் குறித்துவைத்ததையே நோர்வே நாட்டு ஆய்வாளர் கெயர் யூர்டெட் பல ஆண்டுகளாக ஒளிப்பதிவுகளைப் பார்த்து எண்ணியிருக்கிறார். உள்ளே போனால் அணி வென்றுவிடும் என்ற நிலையில் உதைக்கப்படும் பந்துகளில் 92 சதவீதம் கோலாகின்றன என்றும், தவறினால் அணி தோற்றுவிடும் என்ற நிலையில் அது 60 சதவீதமளவுக்கு இறங்கிவிடுகிறது என்றும் அவர் கண்டார். 1994 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் இத்தாலியின் ரொபேர்ட்டோ பாஜியோ பந்தைக் கம்பத்துக்கு மேலால் அனுப்பியது இந்த இரண்டாவது நிலையில். 2022 இறுதிப் போட்டியில் ஆர்ஜென்டீனாவின் மொன்டியெல் அமைதியாக உள்ளே போட்டது முதலாவது நிலையில். பந்தும் ஒன்றே, தூரமும் ஒன்றே. மாறியது மனத்தின் மீதிருந்த பாரம்.

கோல் காப்பாளரின் மனத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 286 பெனால்டி உதைகளை எடுத்துப் பார்த்து 2007 இல் வெளியிட்ட கட்டுரையின்படி, நடுவில் அசையாமல் நின்றால் தடுக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தும், நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுக்கும் அதிகமான தடவைகளில் காப்பாளர்கள் ஏதாவது ஒரு பக்கம் பாய்ந்தார்கள். ஒன்றும் செய்யாமல் நின்று கோல் வாங்கினால் ஊர் திட்டும். பாய்ந்து விழுந்து கோல் வாங்கினால் முயன்றான் என்று விடும். பிள்ளைக்காக ஏதாவது பெரிதாகச் செய்தாக வேண்டும் என்று காணியைத் தூக்கும் பெற்றோரிடமும் நான் காண்பது இதே பாய்ச்சலைத்தான்.

2006 கால் இறுதியில் ஜேர்மனியின் காப்பாளர் லேமான், தன் காலுறைக்குள் வைத்திருந்த ஒரு துண்டுக் கடதாசியை எடுத்துப் பார்த்த பின்பு ஆர்ஜென்டீனாவின் கம்பியாசோ உதைத்த பந்தைத் தடுத்தார். கம்பியாசோவின் பெயர் அந்தக் கடதாசியில் இருக்கவேயில்லை. இந்தக் கதையை நான் தொடங்கியதும் பிள்ளையே முடித்தாள், அந்தப் பெனால்டி உதைகளில் ஜேர்மனி 4-2 என்று வென்றதையும் சேர்த்து. அன்று அவள் குரலை முதன்முதலாகக் கேட்ட தகப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்போது தாய் ஒரு கோப்பைத் திறந்தார். இணையத்தில் பணம் கட்டி எடுத்த திறனறி அறிக்கை. பிள்ளைக்கு மருத்துவமே பொருத்தம் என்று அதில் இருந்தது. 1958 இல் பிரேசில் அணியோடு சென்ற உளவியலாளர் கர்வல்யாய்ஸ், சோதனைத்தாள்களைத் திருத்திவிட்டு, பதினேழு வயதுப் பெலே இன்னும் சிறுபிள்ளைத்தனமானவர் என்றும் கரிஞ்சாவுக்குப் பொறுப்புணர்வு போதாது என்றும் அறிக்கை கொடுத்தார். பயிற்றுநர் ஃபியோலா அதை ஒதுக்கிவைத்து இருவரையும் ஆடவிட்டார். இறுதிப் போட்டியில் பிரேசில் சுவீடனை 5-2 என வென்றது; அவற்றில் இரண்டு கோல்கள் பெலேயுடையவை. உளவியலைப் பரிந்துரைக்கும் நானே இதைச் சொல்வதற்குக் காரணம், ஒரு தாளின் எல்லை எதுவென்று கற்றுக்கொள்வதும் அந்தப் படிப்பின் பகுதி என்பதுதான்.

இனி வழி. பேராதனைக் கலைப் பீடத்தில் உளவியலுக்குத் தனித் துறை உண்டு. ஆனால் அந்த வாசல் கலைப் பாடங்கள் எடுத்தவர்களுக்கே பெரும்பாலும் திறக்கும். உயிரியல் படித்த இந்தப் பிள்ளைக்கு இரண்டு வாசல்கள் பொருந்தும். ஒன்று, சப்ரகமுவ, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகங்களிலுள்ள விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும் என்ற பட்டம். இதற்கு இசட் புள்ளியோடு, அந்தப் படிப்புக்குப் பொருத்தமானவரா என்று பார்க்கும் தனியான உளச்சார்புப் பரீட்சையும் உண்டு, கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. மற்றது திறந்த பல்கலைக்கழகத்தின் உளவியல் சிறப்புப் பட்டம். கட்டணம் உண்டு, ஆனால் எடுக்கும் பாடங்களுக்கேற்பச் செலுத்தலாம், வீட்டிலிருந்தே பெரும்பகுதியைப் படிக்கலாம். அது ஆங்கில மொழிமூலம். ஆகவே இன்றைக்குச் செலவழிக்க விரும்பினால் ஆங்கிலத்துக்கும் புள்ளிவிபரவியலுக்கும் செலவழியுங்கள். உளவியல் என்றால் மனிதரோடு கதைத்துக்கொண்டிருப்பது என்று நினைத்து வரும் பிள்ளைகள் முதலாம் வருடத்திலேயே புள்ளிவிபரத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

விளையாட்டு உளவியலாளர் என்ற பெயரோடு இலங்கையில் கிடைக்கும் இடங்கள் மிகச் சில. அதை மறைத்து யாருக்கும் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஆனால் உளவியல் பட்டம் அந்த ஒரு கதவை மட்டும் நம்பியிருக்கவில்லை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணைப் பதவிகள் உண்டு. போரையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்ட இந்த மாவட்டத்தில் தமிழில் கேட்டுத் தமிழில் பதில் சொல்லக்கூடிய, முறையாகப் பயின்றவர்கள் இன்னும் போதாது. மேலே போக விரும்பினால் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ உளவியலில் முதுதத்துவமாணி (எம்.ஃபில்.) பட்டம் இருக்கிறது. மக்கெய்சர் மைதானத்தில் மாலை வேளைகளில் ஆடும் கழகங்களுக்கு அவள் படிக்கும் காலத்திலேயே உதவத் தொடங்கலாம். சம்பளம் வராது, அனுபவம் வரும்.

தனியார் நிறுவனங்களின் வார இறுதி டிப்ளோமாக்களில் மட்டும் இப்போது சேர்க்காதீர்கள். ஆறு மாதச் சான்றிதழ் எவரையும் உளவியலாளர் ஆக்காது. பட்டம் தருவதாகச் சொல்பவர்களிடம், அதை வழங்கும் பல்கலைக்கழகம் எது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்றிருக்கிறதா என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்; எழுத்தில் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாம் தடவை எழுதுவதா என்பதை மகளே தீர்மானிக்கட்டும். எழுதினாலும் எழுதாவிட்டாலும், ஆணைக்குழுவின் கைநூலை அவளே வாசித்து, விண்ணப்பத்தில் பாடநெறிகளின் வரிசையை அவளே நிரப்ப வேண்டும். உளச்சார்புப் பரீட்சைக்கான அறிவித்தல் தனியாக வரும், அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தவறவிட்டவர்களுக்கு இசட் புள்ளி இருந்தும் இடம் கிடைப்பதில்லை. மாமாவுக்கு என்ன சொல்வது என்று தகப்பன் கேட்டார். அவருடைய அன்புக்கு நன்றி சொல்லுங்கள், காசு வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அவர் விரும்பினால் மகளுக்கு ஒரு மடிக்கணினி வாங்கி அனுப்பட்டும் என்றேன்.