அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்: தோர்தோன் ஆற்றங்கரையில் ஒரு வாரம்

கேள்வி: நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். பாரிஸ் புறநகரில் பதினாறு வருடமாக இருக்கிறோம். ஈஃபில் கோபுரம், டிஸ்னிலேண்ட், லூர்து தவிர பிரான்சில் எதையும் பார்த்ததில்லை. இந்த ஜூலையில் ஒரு வாரம் கிராமப் பக்கம் போகலாம் என்கிறேன். "கிராமத்தில் என்ன இருக்கிறது, அரை டஜன் கோட்டையையாவது சுற்றிப் பார்ப்போம்" என்கிறார் கணவர். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 9. அவனுக்கு நீச்சல் அரைகுறை. ஊரிலிருந்து என் அம்மா வந்திருக்கிறார். 71 வயது, முட்டி வலி, சுத்த சைவம். "நான் வீட்டிலேயே இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்கிறார். அவரை விட்டுவிட்டுப் போகலாமா? அந்தப் பக்கத்து ஊர்களில் எங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்றும் ஒரு தயக்கம் இருக்கிறது.
ஒரு வாசகி, சார்செல்

பதில்:

அன்புள்ள சகோதரி,

அம்மாவை விட்டுவிட்டுப் போகாதீர்கள். "நீங்கள் போய் வாருங்கள்" என்று அம்மாக்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவருடைய முட்டிக்குத் தோதாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், குழந்தைகளுக்கு வேண்டியதும் கணவர் கேட்கும் கோட்டைகளும் அங்கேயே கிடைக்கும். அப்படி ஓர் இடம் இருக்கிறது. தென்மேற்கில், தோர்தோன் ஆறும் வெசேர் ஆறும் ஓடும் பெரிகோர் பகுதி. காரில் பாரிஸிலிருந்து ஐந்தரை, ஆறு மணி நேரம்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். லுவார் நதிக்கரை அரண்மனைகள், நார்மண்டி, அப்புறம் கொஞ்சம் ஆல்ப்ஸ் என்று ஒரே வாரத்தில் ஓடினால் பிள்ளைகளுக்கு நெடுஞ்சாலை பெட்ரோல் பங்குகள்தான் நினைவில் நிற்கும். சார்லா என்ற சிறு நகரத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில், வெசாக் அல்லது வித்ராக் பக்கம், சமையலறையோடு ஒரு கிராமத்து வீட்டை வாரம் முழுவதற்கும் எடுங்கள். ஜித் என்று சொல்வார்களே, அதுதான். கோடையில் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரைதான் கொடுப்பார்கள். படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேருமா, கிளம்பும்போது நாமே சுத்தம் செய்ய வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை இருக்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வையுங்கள். பழைய கல் வீடுகளில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும்.

இந்த ஊர்ப் பக்கத்தின் முதல் செல்வம், ஆதி மனிதர்கள் ஓவியம் வரைந்து வைத்த குகைகள். 1940 செப்டம்பரில் மொந்திஞாக் ஊருக்கு அருகே நான்கு பையன்கள் கண்டுபிடித்ததுதான் லாஸ்கோ குகை. போருக்குப் பிறகு மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கூட்டம் கூட்டமாக வந்தவர்களின் மூச்சுக்காற்றிலேயே சுவரில் பாசி படியத் தொடங்கியது. அன்றைய பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ 1963-ல் அதை மூடினார். இன்று நாம் பார்ப்பது 2016 முடிவில் திறந்த முழு அளவு நகல். நகல்தானே என்று தள்ளிவிடாதீர்கள். ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான காளை தலைக்கு மேலே பாய்வதைப் பார்த்தால் உங்கள் மகன் வாயடைத்து நிற்பான். டிக்கெட்டை நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள்.

ஆனால் ஒரே ஒரு குகைதான் முடியும் என்றால், நான் அம்மாவை அழைத்துப் போகச் சொல்வது ரூஃபிஞாக் குகைக்கு. காரணம், அது அசல். அதோடு, அதற்குள் மின்சார ரயில் ஓடுகிறது. உட்கார்ந்தபடியே சுமார் ஒரு கிலோமீட்டர் மலையின் வயிற்றுக்குள் போகலாம். வழியில் வண்டியை நிறுத்தி விளக்கடித்துக் காட்டுவார்கள். குகைக் கரடிகள் குளிர்காலம் முழுக்கப் படுத்துத் தூங்கிய குழிகள் தரையில் அப்படியே இருக்கின்றன. சுவரில் அவற்றின் நகக் கீறல்கள். அதற்கு வெகுகாலம் கழித்து மனிதர்கள் வந்து மாமத் யானைகளை வரைந்திருக்கிறார்கள். ரயில் நிற்கும் கடைசி இடத்தில் இறங்கி அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரை முழுக்க மாமத்துகள், குதிரைகள், வரையாடுகள், காண்டாமிருகங்கள். சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன்பு வரைந்தவை. நாம் நிற்க வசதியாகத் தரையைப் பிற்காலத்தில் தோண்டித் தாழ்த்தியிருக்கிறார்கள். அன்று கூரை கைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்தது. ஓவியர் மல்லாந்து படுத்தபடி, வரைந்த யானையை முழுதாகப் பார்க்கக்கூட முடியாமல் வரைந்திருக்கிறார். கூடவே, பிற்காலத்தில் வந்து போனவர்கள் மெழுகுவர்த்திப் புகையால் தங்கள் பெயரைக் கிறுக்கி வைத்திருப்பதையும் பார்ப்பீர்கள். நம் ஊர்க் கோயில் சுவர்களில் பார்த்து வயிறெரிந்ததுதான். உள்ளே 13 டிகிரி. வெளியே ஜூலை வெயில் கொளுத்தினாலும் அம்மாவுக்கு ஸ்வெட்டர், சால்வை, காலுறை எல்லாம் வேண்டும்.

அடுத்தது ஆறு. பிள்ளைகள் துடுப்புப் படகில், அம்மா கபார் என்ற பழங்காலப் படகில். லா ரோக் கஜாக் என்ற ஊர், ஆற்றோரம் செங்குத்தான பாறையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாறை தெற்கு பார்த்து இருப்பதால் வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது. அங்கே பனை வகைகளும் மூங்கிலும் வளர்கின்றன, வாழைகூட. அம்மாவுக்கு அந்த வாழை மரத்தைக் கட்டாயம் காட்டுங்கள். கரையிலேயே கபார் படகுகள் கிளம்பும். தட்டையான அடிப்பாகம் கொண்ட மரப்படகு, உட்கார்ந்து போக இருக்கை, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான பயணம். ஒரு காலத்தில் மலைப்பக்கத்திலிருந்து மரமும், வழியில் ஒயின் பீப்பாய்களும் ஏற்றிக்கொண்டு இவை கீழே போகும். மேல்பகுதியிலிருந்து வந்த படகுகளுக்குத் திரும்பும் பயணமே கிடையாது. சரக்கை இறக்கியதும் படகையே பிரித்து விறகுக்கும் பலகைக்கும் விற்றுவிட்டு, படகோட்டிகள் நடந்தே ஊர் திரும்புவார்கள். ரயில் வந்ததும் அந்தத் தொழில் போய்விட்டது.

நீங்களும் பிள்ளைகளும் செனாக்கில் துடுப்புப் படகு எடுத்து, நீரோட்டத்தோடு பெய்னாக் வரை ஒன்பது கிலோமீட்டர் வரலாம். கோடையில் ஆழம் குறைவு, ஓட்டம் நிதானம். படகை வாடகைக்குக் கொடுப்பவர்களே வேன் வைத்துத் திரும்பக் கொண்டுவிடுவார்கள். போன், சாவி போட்டுவைக்கத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பீப்பாய் தருவார்கள். ரப்பர் செருப்பு வேண்டாம். கூழாங்கல்லில் ஒரு கால் வழுக்கினால் செருப்பு ஆற்றோடு போய்விடும். நனையலாம் என்றிருக்கும் பழைய ஷூ போதும்.

கணவர் கேட்ட கோட்டைகளும் இந்த வழியில்தான். படகில் வரும்போது இடக்கரையில் காஸ்தெல்னோ, கொஞ்சம் தள்ளி வலக்கரையில் பெய்னாக். 1337 முதல் 1453 வரை நடந்த நூற்றாண்டுப் போரில் பெய்னாக் பிரெஞ்சு அரசன் பக்கம், காஸ்தெல்னோ பல காலம் ஆங்கிலேயர் கையில். நடுவில் இந்த ஆறுதான் எல்லை. இரண்டு கோட்டைக்கும் ஏறி இறங்கத் தேவையில்லை. காஸ்தெல்னோ போதும். கல் எறியும் பழைய போர் எந்திரங்களை முழு அளவில் செய்து நிறுத்தியிருக்கிறார்கள், பையன் விடமாட்டான். ஏற்றம் கடுமையாக இருக்கும். கணவரும் மகனும் அங்கே போகட்டும். அந்த நேரத்தில் நீங்கள், மகள், அம்மா மூவரும் பக்கத்திலுள்ள மிலாந்த் மாளிகைக்குப் போங்கள். அமெரிக்காவில் வறுமையில் பிறந்து பாரிஸ் மேடைகளை ஆண்ட கறுப்பின நடனக் கலைஞர் ஜோசஃபின் பேக்கர் வாழ்ந்த வீடு. போர்க்காலத்தில் நாஜிகளுக்கு எதிரான ரகசியப் போராட்டத்தில் இருந்தவர். வெவ்வேறு நாடுகளிலிருந்து பன்னிரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து இங்கே வளர்த்தார். கடன் முற்றி, கடைசியில் இந்த வீட்டை விட்டே வெளியேற்றப்பட்டார். 2021 நவம்பரில் பிரான்ஸ், நாட்டின் பெரியோர்களுக்கான பாரிஸ் நினைவிடமான பாந்தியோனில் அவருக்கு இடம் கொடுத்து மரியாதை செய்தது. பிரான்சில் வளரும் 14 வயதுத் தமிழ்ப் பெண் பார்க்க வேண்டிய வீடு அது. எனக்கு இந்த வட்டாரத்தில் கோட்டைகளைவிட இதுதான் பெரியது.

சார்லாவில் சனிக்கிழமைச் சந்தை பெரியது, புதன் காலையிலும் உண்டு. மஞ்சள் கல் வீடுகள், கல் பாவிய சந்துகள், அதனால் அம்மாவுக்குக் கைத்தடி வேண்டும். அங்கே வளர்ந்த கட்டடக் கலைஞர் ழான் நூவெல், கைவிடப்பட்ட ஒரு தேவாலயத்துக்குப் பிரம்மாண்டமான கதவுகள் போட்டுச் சந்தைக்கூடமாக்கினார். அதன் கோபுரத்துக்குள் கண்ணாடி லிஃப்ட் இருக்கிறது. படி ஏறாமலே ஊரின் கூரைகளை எல்லாம் பார்த்துவிடலாம்.

லூர்துக்குப் போன குடும்பம் என்றால் ரொக்கமதூரையும் அம்மா விரும்புவார். சார்லாவிலிருந்து காரில் ஒரு மணி நேரம். பாறை இடுக்கில் கறுப்பு மாதா. பழைய காலத்து யாத்ரீகர்கள் முழங்காலிட்டு ஏறிய 216 படிகள் உண்டு, அம்மாவுக்கு லிஃப்ட் உண்டு. கடலே இல்லாத ஊர் அது. ஆனாலும் புயலில் தப்பிய மாலுமிகள் நேர்ந்துகொண்ட குட்டிக் கப்பல்கள் சிற்றாலயக் கூரையில் தொங்குகின்றன. வேளாங்கண்ணியை அறிந்தவருக்கு விளக்கவே வேண்டாம்.

சாப்பாட்டில்தான் கவனம் தேவை. இது வாத்து, கூஸ் வாத்து தேசம். சார்லா உருளைக்கிழங்கு என்று மெனுவில் இருப்பதைச் சைவம் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள், வாத்துக் கொழுப்பில் வதக்கியது. ஆட்டுப்பால் சீஸ் சாலட்டில் பன்றித் துண்டுகளைத் தூவிவிடுவார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். வால்நட் எண்ணெய் விட்ட பச்சைக் காய்கள், ஸ்ட்ராபெர்ரி எல்லாம் அம்மாவுக்கு ஆகும். அரிசி, பருப்பு, பச்சை மிளகாய், கொத்தமல்லி, கறிவேப்பிலையை பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பேலில் வாங்கிக்கொண்டு போங்கள். மதியச் சாப்பாட்டை உணவகங்களில் இரண்டு மணிக்குள் முடித்துவிடுவார்கள். இரண்டரைக்குப் போய் நின்றால் ஐஸ்கிரீம்தான்.

எங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜூலையில் அங்கே டச்சுக்காரர், ஆங்கிலேயர், ஸ்பானியர் என்று ஊரே வெளியூர்க்காரர்களால் நிறைந்திருக்கும். பேக்கரியில் நுழைந்ததும், ரொட்டி கேட்பதற்கு முன், எல்லோருக்கும் பொதுவாக ஒரு 'போன்ஜூர்' சொல்லுங்கள். பாரிஸில் இதை மறந்தாலும் ஓடும், அங்கே ஓடாது. அதையும் மீறி யாராவது முகம் சுளித்தால் அது அவர் குறை. பதினாறு வருடமாக வரி கட்டும் உங்களுக்கு அந்த ஆற்றங்கரையில் உட்கார முழு உரிமை உண்டு.

ஜூலை 14-க்குப் பிறகு கூட்டம் ஏறும். முடிந்தால் பள்ளி விட்ட கையோடு போய்விடுங்கள். முதலில் வீடு, பிறகு லாஸ்கோ டிக்கெட். மகனை இந்த வாரமே முனிசிபல் நீச்சல் குளத்தில் சேருங்கள். நீந்தத் தெரியாத பிள்ளையைப் படகுக்காரர்கள் ஏற்றமாட்டார்கள். அதற்குள் வரவில்லை என்றாலும் பரவாயில்லை, அவன் பாட்டியோடு கபாரில் போகட்டும்.