விண்டோஸில் ஏறிய ஜாங்கோ உபுண்டுவில் ஏறவில்லை: மியான்மர் மோல்மேன் தம்பிக்கு

தம்பி, வீட்டு விண்டோஸ் லேப்டாப்பில் ஜாங்கோ (பைத்தான் மொழியில் வெப்சைட் கட்டும் கருவி) ஓடுகிறது, அப்பா கடையில் உள்ள உபுண்டு 24.04 (லினக்ஸ் வகை இயங்குதளம்) மட்டும் பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப்பைத் தடுக்கிறது என்கிறீர்கள். அது கோளாறு இல்லை. உபுண்டு தன் சொந்த வேலைக்கே பைத்தானை நம்பியிருக்கிறது. நாம் கைவைக்காமல் இருக்க வேண்டுமென்றே போட்ட பூட்டு அது. பூட்டை உடைக்கும் ஆப்ஷனை யாராவது சொல்லித் தந்தால் கேட்காதீர்கள்.

முதலில் உபுண்டுவின் மென்பொருள் நிறுவியான ஆப்ட் வழியாக பைத்தான்3-வென்வ் போடுங்கள். இதற்கு மட்டும் அந்தக் கம்ப்யூட்டரில் நெட் வேண்டும். அப்புறம் ப்ராஜெக்ட் ஃபோல்டரில் ஒரு வென்வ் (அந்த ப்ராஜெக்ட்டுக்கென்று தனி பைத்தான் சூழல்) உருவாக்கி ஆக்டிவேட் செய்யுங்கள். விண்டோஸில் 'ஸ்கிரிப்ட்ஸ்' ஃபோல்டரில் பார்த்த ஆக்டிவேட் கோப்பு இங்கே 'பின்' ஃபோல்டரில் இருக்கும். மேக்கிலும் அப்படித்தான்.

கரண்டும் நெட்டும் சேர்ந்து வருவதே அபூர்வம், யுஎஸ்பியில் கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. வீட்டில் 'பிப் டவுன்லோட் ஜாங்கோ' கொடுத்தால் ஜாங்கோவோடு அதன் துணைப் பேக்கேஜ்களான ஏஎஸ்ஜிஐரெஃப், எஸ்க்யூஎல்பார்ஸ், டிஇசட்டேட்டா ஆகியவையும் இறங்கும். எல்லாமே சுத்த பைத்தான், அதனால் உபுண்டுவிலும் செல்லும். டிஇசட்டேட்டா விண்டோஸுக்கு மட்டும்தான் தேவை. உபுண்டுவில் நேர மண்டலத் தகவல் ஏற்கெனவே உண்டு. கடையில் வென்வை ஆக்டிவேட் செய்தபின், பிப் இன்ஸ்டாலுடன் நோ-இண்டெக்ஸ் (நெட்டில் தேடாதே), ஃபைண்ட்-லிங்க்ஸ் (இந்த ஃபோல்டரில் தேடு) என்ற இரண்டு ஆப்ஷன்களையும் சேர்த்து யுஎஸ்பி ஃபோல்டரைக் காட்டினால் போதும்.

ஜாங்கோ ப்ராஜெக்ட்டின் செட்டிங்ஸில் நேர மண்டலம் முதலில் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று இருக்கும், அதை 'ஏசியா/யங்கோன்' என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கடை பில்லில் நேரம் ஆறரை மணி பின்தங்கி நிற்கும்.