இரண்டு 26

வணக்கம் சார்,

கோவையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு நூற்பாலையின் சம்பளக் கணக்கு நிரல் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. அதில் ஒரே ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) மட்டும் 1,400 வரி. வேரியபிள் பெயர்களெல்லாம் ஏ1, ஏ2, டெம்ப், டெம்ப்நியூ என்றுதான் இருக்கின்றன. நடுவில் திடீரென்று "துறை 7 என்றால் 12 ரூபாய் கூட்டு" என்று ஒரு வரி வருகிறது, ஏன் என்று கேட்டால் ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போய் நாலு வருடம் ஆகிறது. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத இரண்டு மாதம் கேட்டேன். "ஓடுற நிரலைத் தொடாதே" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு சின்ன மாற்றத்துக்கே மூன்று நாள் போகிறது. நான் என்ன செய்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

சம்பளக் கணக்கு நிரல்களோடு நானும் பல வருடம் இருந்திருக்கிறேன், அதனால் அந்த 1,400 வரியைப் பார்க்காமலேயே கொஞ்சம் பார்த்த மாதிரி இருக்கிறது.

முதலில், புதிதாக எழுத வேண்டாம். அந்த "துறை 7" வரியை நீங்கள் குப்பை என்று நினைக்கிறீர்கள். ஆலையில் யாரோ ஒருவர் சூட்டில் நின்று வேலை செய்கிறோம் என்று கேட்டு வாங்கிய படியாக அது இருக்கலாம், ஏதோ ஒரு பேச்சுவார்த்தையில் ஒப்புக்கொண்ட இரவு ஷிஃப்ட் காசாக இருக்கலாம். வேறு எங்கேயும் எழுதி வைக்காமல் இந்த ஒரு வரியில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது. நீங்கள் புதிதாக எழுதினால் அது நிச்சயம் விட்டுப் போகும், விட்டுப் போனது சம்பள நாளன்று தெரியவரும்.

ஆக உங்கள் மேனேஜர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி எவ்வளவு ஆபத்து என்பதற்கு நைட் கேபிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதையை அவரிடம் சொல்லுங்கள். 'பவர் பெக்' என்று ஒரு பழைய வசதியை அவர்கள் 2003லேயே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள், ஆனால் நிரலிலிருந்து அழிக்கவில்லை. 2012இல் புதிய வசதி ஒன்றைச் சேர்த்தபோது, அந்தப் பழைய வசதியை இயக்கிய அதே கொடியை (ஃபிளாக், ஒரு வசதியை ஓட வைக்கும் சுவிட்ச் மாதிரி) மறுபடி எடுத்துப் பயன்படுத்தினார்கள். 8 சர்வர்களில் ஒன்றில் மட்டும் புது நிரல் ஏறவில்லை. ஆகஸ்ட் 1ஆம் தேதி காலை சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வரில் செத்துப் போனதாக நினைத்த நிரல் எழுந்துகொண்டது. முக்கால் மணி நேரம். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். ஒன்பது வருடம் பயன்படுத்தாமலேயே உள்ளே விட்டுவைத்த நிரல் அது.

சரி, எப்படித் தொடுவது? ரீஃபாக்டரிங் என்றால் வெளியே கிடைக்கும் விடை மாறாமல் உள்ளே ஒழுங்குபடுத்துவது. விடை மாறவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களிடம் டெஸ்ட் எதுவும் இருக்காது, அது பரவாயில்லை. போன ஆறு மாதச் சம்பளப் பட்டியல் இருக்கிறதல்லவா, அதுதான் உங்கள் டெஸ்ட். அந்த ஆறு மாத வருகைப் பதிவை மறுபடி உள்ளே கொடுத்து, வருகிற பட்டியலைப் பழையதோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள். ஒரு பைசா வித்தியாசம் வந்தாலும் அது சத்தம் போட வேண்டும். இதற்கு ஒரு நாள் ஆகும், அந்த ஒரு நாளை மட்டும் மேனேஜரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பெயர்கள். இங்கே நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். ஒரு தொழிற்சாலையின் சம்பள நிரலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். 26 என்ற எண் பல இடங்களில் அப்படியே கிடந்தது. ஒரு நாள் விடுப்புக்குச் சம்பளம் பிடிக்கும்போது மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்திருந்தார்கள், கிராஜுவிட்டி (பணிக்கொடை) கணக்கிலும் 26ஆல் வகுத்திருந்தார்கள். ஒரே எண் எதற்கு இத்தனை இடத்தில் என்று 'மாத வேலை நாள்' என்று ஒரு மாறிலி (ஓர் எண்ணுக்கு நிரலில் ஒரே இடத்தில் வைக்கும் பெயர்) வைத்து எல்லாவற்றையும் அதோடு சேர்த்துவிட்டேன். பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒரு பைசா மாறவில்லை. ரொம்பத் திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

ஒரு வருடம் கழித்து அந்த நிறுவனம் விடுப்புப் பிடித்தத்தை 30ஆல் வகுக்கலாம் என்று முடிவு செய்தது. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவர் அந்த மாறிலியை 30 என்று மாற்றினார். பெயரைப் படித்தவர் வேறு என்ன செய்வார்? அடுத்த மாதம் ஒருவர் ஓய்வு பெற்றார். கடைசிச் சம்பளம் 26,000, சர்வீஸ் 20 வருடம். 1972ஆம் வருடச் சட்டப்படி அதை 26ஆல் வகுத்து 15ஆலும் 20ஆலும் பெருக்கினால் 3,00,000 வர வேண்டும். நிரல் 2,60,000 என்று அச்சடித்தது. அங்கே கணக்குப் பார்த்த அம்மா ஒவ்வொரு கிராஜுவிட்டியையும் தன் நோட்டில் ஒரு முறை கையால் போட்டுப் பார்ப்பவர். அவர் மட்டும் இல்லாவிட்டால் இருபது வருடம் உழைத்த ஒருவர் 40,000 ரூபாய் குறைவாக வாங்கிக்கொண்டு, அது குறைவு என்றே தெரியாமல் வீட்டுக்குப் போயிருப்பார்.

இதை நான் இன்னும் மறக்கவில்லை. நான் மாற்றிய அன்று எந்த டெஸ்ட்டும் என்னைப் பிடித்திருக்காது, விடை சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு 26 அந்த நிறுவனத்தின் வழக்கம், இன்னொரு 26 சட்டம். இரண்டும் ஒன்றுதான் என்று நிரலில் பொய் எழுதி வைத்தவன் நான், அடுத்து வந்தவர் அதை நம்பினார். அதற்கப்புறம் ஒரே மாதிரி இரண்டு வரிகளைப் பார்த்தால் சேர்ப்பதற்கு முன்னால் ஒன்றுதான் கேட்கிறேன்: நாளைக்கு ஒன்று மாறினால் மற்றதும் மாறியே ஆக வேண்டுமா? இல்லையென்றால் அவை தனித்தனியாகவே இருக்கட்டும், வரி கூடினால் கூடட்டும். 2017இல் பேறுகால விடுப்பு 26 வாரம் ஆனபோது மூன்றாவதாக ஒரு 26 வந்தது. அதற்குத் தனிப் பெயர் வைத்தோம்.

உங்கள் 1,400 வரியை உட்கார்ந்து மொத்தமாகப் பிரிக்க வேண்டாம். அடுத்த மாற்றம் பி.எஃப். பிடித்தத்தில் வருகிறதா, அன்றைக்கு பி.எஃப். பகுதியை மட்டும் தனி ஃபங்ஷனாக எடுத்துப் பெயர் வையுங்கள், ஒப்பிடுங்கள், கமிட் செய்யுங்கள், அதாவது அந்த மாற்றத்தைத் தனிப் பதிவாகச் சேமியுங்கள். அதற்கப்புறம் கேட்ட பி.எஃப். மாற்றத்தைச் செய்து தனியாக இன்னொரு கமிட் போடுங்கள். இரண்டையும் ஒரே கமிட்டில் கலந்தால், ஏதாவது தப்பு வரும்போது ஒழுங்குபடுத்தியதில் வந்ததா, மாற்றியதில் வந்ததா என்று நீங்களே தேடிக்கொண்டிருப்பீர்கள். இதற்கெல்லாம் இரண்டு மாதமும் வேண்டாம், தனி அனுமதியும் வேண்டாம். எப்படியும் மூன்று நாள் எடுக்கிற வேலைதானே, அந்த மூன்று நாளுக்குள்ளேயே இது அடங்கும்.

அப்புறம் அந்தத் துறை 7. ஆபீஸில் கேட்டால் தெரியாது, ஆலைக்கு ஒரு நாள் போய் வாருங்கள். வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் பழைய ஆள் யாராவது இருப்பார், அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை அந்த வரிக்கே பெயராக வைத்துவிட்டு எனக்கும் எழுதுங்கள், அந்த 12 ரூபாய் எதற்கு என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருக்கிறது.