வளைகுடாவில் நல்ல சம்பளத்தில் இருப்பவர்கள் ஏன் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்ப முடிவெடுக்கிறார்கள்?

என் பதில் இது: வளைகுடாவில் இருப்பவர்கள் இரண்டு தவணையாகத் திரும்புகிறார்கள். முதலில் மனைவி, பிள்ளைகள். பல வருடம் கழித்து, வேலை பார்க்கும் கணவர். முதல் முடிவை எடுக்க வைப்பது பணக் கணக்கும் பிள்ளைகளின் படிப்பும். இரண்டாவதுதான் கஷ்டமான முடிவு.

நான் சவூதியில், தம்மாமில், கட்டுமான கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். அதனால் சவூதியை வைத்தே சொல்கிறேன். அமெரிக்கா, கனடா போனவர்களின் கதை வேறு. எவ்வளவு காத்திருக்க வேண்டியிருந்தாலும் அங்கே குடியுரிமை என்று ஒரு வாசல் இருக்கிறது. சவூதியில் நம்மைப் போன்றவர்களுக்கு அது இல்லை. வேலை இருக்கும்வரை இகாமா என்ற தங்கும் அனுமதி, இகாமா இருக்கும்வரைதான் அங்கே இருக்கலாம். 2019-ல் பிரீமியம் ரெசிடென்சி என்று, பணம் கட்டித் தங்கும் அனுமதி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் 8 லட்சம் ரியால். மாதம் ஆறாயிரம், ஏழாயிரம் ரியால் வாங்குகிற குடும்பஸ்தர் அதை நினைத்தும் பார்க்க முடியாது. வெளிநாட்டவருக்கு ஓய்வூதியமும் கிடையாது. ஆக, போகிற எல்லோரும் என்றைக்காவது திரும்பியே ஆக வேண்டும்.

2017 ஜூலையில் குடும்பத்தோடு இருக்கும் வெளிநாட்டவர்களுக்கு ஒரு கட்டணம் வந்தது. மனைவி, பிள்ளைகள் என்று தலைக்கு மாதம் 100 ரியால். ஒவ்வொரு வருடமும் நூறு நூறாக ஏறி 2020-ல் தலைக்கு 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் 3,600 ரியால். சரி, சமாளித்துவிடலாம். நான்காவது வருடம் 14,400 ரியால். அன்றைய மதிப்பில் மூன்று லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இகாமா புதுப்பிக்கும்போது முன்கூட்டியே கட்ட வேண்டும். அதற்கு மேல் வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், பஸ் கட்டணம். 2018 ஜனவரியில் 5 சதவீதமாக வந்த வாட் வரி, 2020 ஜூலையில் 15 சதவீதம் ஆனது.

சவூதிக்காரர்களைவிட வெளிநாட்டவர் அதிகமாக உள்ள கம்பெனி, ஒரு வெளிநாட்டு ஊழியரை வைத்திருக்கக் கட்ட வேண்டிய தொகையும் இதே காலத்தில் ஏறியது: 2018-ல் மாதம் 400, 2020-ல் 800 ரியால். 2016-ல் எண்ணெய் விலை சரிவால் கட்டுமானத் துறை ஏற்கெனவே ஆடிப்போயிருந்தது; சம்பளம் வராமல் கேம்ப்களில் மாட்டிக்கொண்ட இந்தியத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில். இந்த நிலையில் சம்பள உயர்வை யார் கேட்பது? இருக்கிற வேலை நிலைத்தால் போதும் என்றுதான் எல்லோரும் இருந்தோம்.

அந்த இரண்டு மூன்று வருடங்களில் எங்கள் தெருவில் வீடு வீடாகக் காலியானது. சோபா, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் வந்த விலைக்குப் போயின. குடும்பங்களுக்கு எக்சிட் (ஒரேயடியாக நாட்டை விட்டுப் போகும் விசா) அடித்து அனுப்பிவிட்டு, ஆண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து பேச்சிலர் ரூமுக்கு மாறினார்கள். நானும் அப்படித்தான் மாறினேன். நாற்பதைத் தாண்டிய மனிதர்கள் மறுபடி சமையலுக்கு முறை வைத்துக்கொண்டு வாழ்வது எளிதல்ல.

கட்டணம் வராமல் இருந்திருந்தாலும் பலர் குடும்பத்தை அனுப்பியிருப்பார்கள், படிப்புக்காக. அங்கே இந்தியப் பள்ளிகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை உண்டு. அதற்கு மேல் நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஊர்தான். நீட் எழுத வேண்டும், இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு வர வேண்டும். வெளியே படித்த பிள்ளை என்றால் நேட்டிவிட்டி சர்டிபிகேட்டுக்கு அலைய வேண்டும். எப்படியும் போகத்தான் வேண்டும், எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் பிள்ளை ஊரோடு பழகிக்கொள்ளும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். எனக்கும் அது சரியான நினைப்பாகத்தான் படுகிறது.

இனி இரண்டாவது தவணை. குடும்பம் போன பிறகு, 'இன்னும் இரண்டு வருடம்' என்று எல்லோரும் சொல்வோம். அந்த இரண்டு வருடம் நீண்டுகொண்டே போகும். முதலில் வீட்டுக் கடன், அப்புறம் தங்கச்சி கல்யாணம், அப்புறம் மகளின் கல்லூரிக் கட்டணம். பணிக்கொடைக் கணக்கும் ஆளைப் பிடித்து வைக்கும். சவூதி சட்டப்படி முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதன் பிறகு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். ஆனால் நாமாக ராஜினாமா செய்தால், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு, பத்து வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு. பத்து முடிந்தால்தான் முழுசு. எட்டாவது வருடத்தில் இருப்பவர் இன்னும் இரண்டைக் கழித்துவிட்டே போகலாம் என்று நினைப்பது இயல்புதானே. செட்டில்மென்ட் தாள்களைப் போட்டுக் கொடுத்தவன் என்பதால், பத்து வருடம் முடிந்த கையோடு ராஜினாமா எழுதியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

கடைசியில் எது புறப்பட வைக்கிறது? பணம் போதும் என்ற நிறைவில் புறப்பட்டவர்கள் மிகக் குறைவு. என்னோடு இருந்தவர்களில் பலரைத் திருப்பியது, வீட்டில் தனக்கு இடம் சுருங்குகிறது என்ற பயம். மகன் எந்த குரூப் எடுப்பது என்று அம்மாவும் மாமாவும் பேசி முடித்துவிடுவார்கள்; அப்பாவுக்குத் தகவல் மட்டும் வரும். இதில் மனைவியைக் குறை சொல்லவே முடியாது. பேங்க், பள்ளி, மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவு, கொத்தனார் என்று அத்தனையையும் ஒற்றை ஆளாக அவர்தானே பார்க்கிறார்? அவர் கட்டிக் காத்த வீட்டுக்குள் கணவர் திரும்ப ஓர் இடம் தேட வேண்டியிருக்கிறது. தள்ளிப்போடப் போட அந்த இடம் இன்னும் குறையும்.

2020 மார்ச்சில் விமானங்கள் நின்றபோது இது எல்லோருக்கும் உறைத்தது. மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவர இந்திய அரசு விட்ட வந்தே பாரத் விமானங்கள் மே மாதம் தொடங்கும்வரை, பெற்றவர்களின் இறுதிச் சடங்கைப் போனில் பார்த்தவர்கள் இருந்தார்கள். எங்கள் ரூமிலும் ஒருவர். அவர் அந்த வருடமே எக்சிட்டில் போனார். பணிக்கொடையில் என்ன குறையும் என்று என்னிடம் கேட்கக்கூட இல்லை.

நீங்களே இந்த யோசனையில் இருந்தால் ஒன்று சொல்வேன். திரும்பிப் போய், கையிருப்பு கரைந்து, மறுபடி புது விசாவில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கொண்டுவந்த மொத்தத் தொகையையும் வீட்டிலும் மனையிலும் போட்டவர்கள் அவர்கள். மாதாமாதம் வருகிற ஒரு வருமானத்தை, சின்னதாக இருந்தாலும், அங்கே இருக்கும்போதே ஊரில் தொடங்கியவர்கள் தங்கிவிட்டார்கள். ஜுபைலில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருந்த ஒருவர் பாதிச் சம்பளத்துக்கும் குறைவாக ஊர்ப்பக்கம் ஒரு ஆலையில் சேர்ந்தார். மனைவி அதற்கு முன்பே வாடகைக்குப் பாத்திரம், நாற்காலி விடும் கடையை நடத்திக்கொண்டிருந்தார். இரண்டும் சேர்ந்து குடும்பம் ஓடுகிறது.

கிளம்பும் முன் அனுபவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். எக்சிட் அடித்த பிறகு போனில் கேட்டு வாங்குவது பெரும்பாடு. ஊர் வந்ததும் என்ஆர்இ கணக்கை (வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் பேங்கில் வைத்திருப்பது) சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும், வட்டிக்கு வரிவிலக்கும் அதோடு போய்விடும். வட்டியை நம்பித் திட்டம் போடுபவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் 1996-லேயே வெளியே வாழும் மலையாளிகளுக்காக நோர்கா துறையைத் தொடங்கி, திரும்பி வருபவர்களையும் கவனிக்கிறார்கள். நம்மிடம் அயலகத் தமிழர் நலத்துறை 2021-ல்தான் வந்தது. அதில் நல வாரியமும் இருக்கிறது. வேலையில் இருக்கும்போதே உறுப்பினராகப் பதிந்துகொள்ளுங்கள்.